கோளக் கொத்தின் இரண்டாவது கோடு

நட்சத்திரங்களின் வெளிச்சத்தை அளப்பது என் தொழில் என்று சொன்னால், கேட்டவர் உடனே தன் மகளின் சாதகக் குறிப்பை எடுத்து நீட்டுவார்; எங்கள் தொழிலின் முதல் கஷ்டம் அதுதான்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கும், இருந்துவிட்டு ஓடிப்போனவர்களுக்கும் மற்றக் கஷ்டங்களை நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் சண்டைக் காலத்தில், மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதைச் செய்தவர்கள் அதிகம் பேர் இல்லை. நான் அப்போது பல்கலைக்கழக வளாகத்தில் பௌதிகவியல் உதவி விரிவுரையாளர். வீடு பெரியகல்லாற்றில். மேற்படிப்புக்காக ஒரு கோளக் கொத்தை எடுத்திருந்தேன். கோளக் கொத்து என்றால், லட்சக்கணக்கான கிழட்டு நட்சத்திரங்கள் பந்துபோலத் திரண்டு நிற்கிற கூட்டம். என்னுடையதற்குப் பெயர்கூடக் கிடையாது, அட்டவணையில் ஓர் இலக்கம் மட்டும்தான். தொலைநோக்கியில் நான் கண் வைத்ததே இல்லை. எங்கோ ஒரு மலையுச்சியில் எடுத்த படங்களை வெளிநாட்டில் இருந்த என் மேற்பார்வையாளர் சீடியில் அனுப்புவார். அதில் ஒவ்வொரு நட்சத்திரத்தையும் கணினியில் அளப்பதுதான் என் பாடு.

முகாம் இல்லாத படம்

அந்தச் சீடிகள் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து கை மாறிக் கை மாறி மட்டக்களப்புக்கு வர நாலு மாதம் எடுத்தது. ஐந்து சீடியையும், மாதிரிக்கு அச்சடித்த ஒரு தாளையும் பையில் வைத்துக்கொண்டு வளாகத்துக்குப் பஸ்ஸில் போனேன். வழியில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி வரிசையில் நடந்தோம். என் பையைத் திறந்த சிப்பாய் அந்தத் தாளை வெளியே எடுத்தார். கறுப்புத் தாள், நடுவில் அள்ளிக் கொட்டியதுபோல வெள்ளைப் புள்ளிகள். அவர் அதை அதிகாரியிடம் கொண்டுபோனார். அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "இது ராவில மேல இருந்து எடுத்த போட்டோ. நடுவுல லைட் கூட. எந்த டவுன்?" என்று கேட்டார்.

"மேல இருந்து கீழ இல்ல சேர். கீழ இருந்து மேல எடுத்தது" என்றேன். அவர் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பஸ்காரர் ஹோர்ன் அடித்தார். வரிசையில் நின்ற ஒரு அம்மா, "குடுத்திட்டு வா புள்ள, அதுக்குள்ள என்ன பொன்னா இரிக்கு?" என்றார். நாலு மாதம் காத்திருந்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். நான் நகரவில்லை. அடையாள அட்டை, வளாகக் கடிதம், பாடப் புத்தகத்தில் இருந்த இன்னொரு கொத்தின் படம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. கடைசியில் அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்துச் சொன்னார்: "நம்ம காம்ப் ஒண்ணும் இந்தப் படத்தில இல்ல எண்டு எழுதி, சைன் வச்சிட்டுப் போங்க."

ஒரே நாளில் விதைத்தது

எங்கள் ஆய்வுகூடத் தொழில்நுட்ப உதவியாளர் றபீக், ஓட்டமாவடிக்காரர், என் வயதுதான் இருக்கும். உடைந்த எதையும் பொருத்திவிடுவார். அவருக்கு நான் என் வேலையை விளக்கியது இப்படி: ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் அது எவ்வளவு வெளிச்சம், என்ன நிறம் என்று அளந்து, வரைபடத்தில் ஒரு புள்ளி போட வேண்டும். ஒரு கோளக் கொத்தில் உள்ள நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே காலத்தில், ஒரே வாயுவில் இருந்து பிறந்தவை என்றுதான் நாங்கள் படித்தோம். ஆகவே புள்ளிகள் எல்லாம் சேர்ந்து ஒரே கோடாக விழ வேண்டும். "ஒரு வட்டை முழுக்க ஒரே நாளில ஒரே நெல்லை விதைச்ச மாதிரி" என்றேன். வயல்காரக் குடும்பம் என்பதால் அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

நீலத்தையும் சிவப்பையும் வைத்து வரைந்த படத்தில் ஒரே கோடுதான் விழுந்தது. பிறகு ஊதாக்கடந்த கதிரில் எடுத்த படங்களையும் சேர்த்து வரைந்தேன். முந்திய தலைமுறை கக்கிய வாயுவில் இருந்து பிறந்த நட்சத்திரங்களில் நைதரசன் கூட இருக்கும்; அவை அந்தக் கதிரில் கொஞ்சம் மங்கும். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம், அளந்தால்தான் தெரியும். திரையில் கோட்டின் மேல்பாதி, பெரிய சிவப்பு நட்சத்திரங்கள் இருக்கிற பகுதி, பிளந்து இரண்டாக நின்றது. நான் உட்கார்ந்திருந்த கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழும்பிவிட்டேன். றபீக் குனிந்து கனநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப விதைச்சது ஒரு தரம் இல்ல மிஸ். ஆரோ மறுகா வந்து இன்னொருக்கா விதைச்சிரிக்கான்."

மூன்று வரிக் கடிதம்

சந்தோசத்தில் அன்றே டவுனுக்குப் போய், தவமணி அக்காவின் கொமினிகேசன் கடையில் இருந்து மேற்பார்வையாளருக்கு ஈமெயில் அனுப்பினேன். எங்கள் வளாகத்தில் அப்போது இன்டர்நெற் வேலை செய்கிற நாளும் உண்டு, ஆனால் அந்த நாளில் கரண்ட் இருக்காது. மூன்றாம் நாள் பதில் வந்தது. மூன்றே வரி. படம் எடுத்த கருவி இடம், வலம் என்று இரண்டு பாதியாக வெளிச்சத்தைப் பதிவதாம். இரண்டு பாதிக்கும் இடையில் ஒரு சின்ன வித்தியாசம் இருந்தாலே ஒரு கோடு இரண்டாகத் தெரியுமாம். கொண்டாட முதல் அதைப் பார்க்கட்டுமாம். தவமணி அக்கா அச்சடித்துத் தந்த தாளை நான் பஸ்ஸில் நாலு தரம் படித்தேன். நாலு தரமும் கோபம்தான் வந்தது.

கோபத்தோடேயே பார்த்தேன். மனுசன் சொன்னது சரி. மங்கலான கோட்டில் இருந்த நட்சத்திரங்கள் வலப் பாதியில் கூடுதலாக இருந்தன. உங்களில் எத்தனை பேருக்கு இந்த அனுபவம் இருக்கிறதோ தெரியாது: நீங்கள் கண்டுபிடித்தது கருவியின் கோளாறு என்று தெரிகிற அந்த நிமிசத்தில், யாரும் பார்க்காவிட்டாலும் முகம் சுடும். இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. பிறகுதான் ஒன்று பிடிபட்டது. தொலைநோக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்த படங்கள் அவை. ஒரு படத்தில் இடப் பாதியில் நிற்கிற நட்சத்திரம் இன்னொரு படத்தில் வலப் பாதியில் நிற்கும். அப்படிப்பட்டவற்றை மட்டும் பொறுக்கி, இரண்டு பாதிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டு திருத்தினேன். கோடுகளுக்கு நடுவில் இருந்த இடைவெளி அரைவாசியாகச் சுருங்கியது. ஆனால் மூடவில்லை.

அந்த அரைவாசிதான் என் பிடி. எல்லாவற்றையும் விளக்கி முப்பது பக்கம் எழுதி அனுப்பப் போனேன். தவமணி அக்கா ஒவ்வொரு பக்கமாக ஸ்கான் பண்ணிக்கொண்டே சொன்னார்: "அவ்வளவு தூரத்தில இருந்து ஏசுறதுக்கு அந்த மனுசனுக்கு மூணு வரி காணும்; அது பிழையெண்டு சொல்ல உனக்கு முப்பது பக்கமா புள்ள?"

உழவு மெசின் பற்றறி

பொறுக்கிய நட்சத்திரங்களில் திருத்திப் பார்த்தது போதாது; அதே திருத்தத்தோடு எல்லா நட்சத்திரங்களையும் முதலில் இருந்து அளக்க வேண்டும். பதினான்கு மணித்தியாலம் கணினி நிற்காமல் ஓட வேண்டும். எங்களுக்குக் கரண்ட் தொடர்ந்து பதினான்கு மணித்தியாலம் வந்ததாக எனக்கு நினைவில்லை. யூ.பி.எஸ் பத்து நிமிசம் தாங்கும். மூன்று தரம் ஓடவிட்டேன். மூன்று தரமும் பாதியில் போய், அளந்ததெல்லாம் காற்றோடு போயிற்று. நாலாம் தரம் றபீக் தன் மாமாவின் உழவு மெசினில் இருந்த பற்றறியைக் கழற்றிக்கொண்டு வந்து, பழைய இன்வேட்டர் ஒன்றில் பொருத்திக் கொடுத்தார். மாமாவிடம் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த நாள் காலையில் மாமாவே வந்துவிட்டார். முதல் மழை விழுந்து விதைப்புத் தொடங்கியிருந்த நேரம். ஆய்வுகூட வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, திரையில் ஓடிக்கொண்டிருந்த இலக்கங்களைப் பார்த்தார். முடிய இன்னும் ஐந்து மணித்தியாலம் இருந்தது. நான் கெஞ்சினேன். அவர் ஏசவில்லை. ஒரு கதிரையை இழுத்துப்போட்டு ஒரு மணித்தியாலம் பொறுமையாக இருந்தார். பிறகு எழும்பி ஒரு வார்த்தை சொன்னார். நானே வயரைக் கழற்றிப் பற்றறியைத் தூக்கிக் கொடுத்தேன். அதன்பிறகு ஒரு கிழமை இருந்து, நூறு நட்சத்திரத்துக்கு ஒரு தரம் அளந்ததைச் சேமித்துவைக்கும்படி முழு நிரலையும் திருப்பி எழுதினேன். அதற்குப் பிறகு கரண்ட் எத்தனை தரம் போனாலும் என் வேலை போகவில்லை. அவர் சொன்னது இதுதான்: "வட்டை இண்டைக்குப் பதமா இரிக்கு மகள். உங்கட வெள்ளி நாளைக்கும் வானத்தில இரிக்கும், என்ட பதம் நாளைக்கு இரிக்காது."

பட்டியலில் இல்லாத அக்கா

பிறகு எங்களுக்கு வடக்கே, மாவட்டத்தின் எல்லைப் பக்கம், சண்டை இறுகியது. கதிரவெளிப் பக்கத்துச் சனமெல்லாம் காட்டுக்குள்ளாலும் கரையாலும் நடந்து எங்கள் பக்கம் வரத் தொடங்கியது. வளாக மைதானம் முழுக்கக் கூடாரங்கள். வகுப்புகள் நின்றன. ஆய்வுகூடக் கணினிகளில் இடம்பெயர்ந்தவர்களின் பட்டியலைத் தட்டச்சுச் செய்யச் சொன்னார்கள். நானும் றபீக்கும் நட்சத்திரங்களை மூடி வைத்துவிட்டு அதில் இருந்தோம். என் அக்கா யோகராணி கதிரவெளியில் கலியாணம் கட்டிப் போனவள். அத்தான் கட்டாரில் வேலை. அக்காவும் இரண்டு பெண் பிள்ளைகளும்தான் அங்கே. அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மா ஒவ்வொரு நாளும் பெரியகல்லாற்றில் இருந்து போன் பண்ணி, "ஆக்கள் வந்திற்றாங்களாம், அக்கா வந்திற்றாளா?" என்று கேட்பா.

ஒவ்வொரு முகாமில் இருந்தும் கையெழுத்துப் பட்டியல்கள் வரும். சிலது தமிழில், சிலது ஆங்கிலத்தில். அக்காவின் பெயரை நான் எத்தனை விதமாக எழுதித் தேடியிருப்பேன் என்று சொல்ல முடியாது. இல்லை. பத்தாம் நாள் கை விறைத்துப்போய் இருந்தபோது, ஏன் பெயரைத் தேடுகிறேன் என்று தோன்றியது. இரண்டு படங்களில் ஒரே நட்சத்திரத்தைப் பொருத்த வேண்டுமென்றால், நாங்கள் அதைத் தனியாகத் தேடுவதில்லை. அதன் அயலில் நிற்பவற்றைத்தான் தேடுவோம். அக்கா இருக்கிற ஒழுங்கையில் எது யாருடைய வீடு என்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் கிழிந்த வலை பொத்துகிற கணபதிப்பிள்ளையும் மனைவியும், இரண்டு பேர். அந்தப் பக்கம் ஒரு வாத்தியார் வீடு, பிள்ளைகள் ஏழு, மொத்தம் ஒன்பது பேர். ஒன்றாக நடந்து வந்தவர்கள் ஒரே வரிசையில்தான் பதிந்திருப்பார்கள்.

வாழைச்சேனைப் பக்கத்து முகாம் ஒன்றின் பட்டியலில், பதினாலாம் பக்கத்தில், கணபதிப்பிள்ளை இருந்தார். இரண்டு பேர். ஒரு வரி விட்டு வாத்தியார். நடுவில் ஆங்கிலத்தில் 'யோகரன், ஆண், 34, அங்கத்தவர் 2' என்று இருந்தது. வயது சரி. ஆனால் அக்கா வீட்டில் மூன்று பேர். அந்த இரண்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு இருந்தேன். எந்தப் பிள்ளை என்று நினைக்கவே முடியவில்லை. றபீக்தான் தாளை வாங்கிப் பார்த்து, "மிஸ், வாத்தியார் வீட்டில ஒன்பது எண்டெல்லா சொன்னீங்க? இதில பத்து இரிக்கு" என்றார். நெருக்கமாக நிற்கிற இடத்தில் ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் பக்கத்து நட்சத்திரத்தின் அளவில் சேர்ந்துவிடும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அவருடைய மோட்டார் சைக்கிளிலேயே போனோம். வழி முழுக்க, பத்து, பத்து என்று எனக்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

அக்கா ஒரு பள்ளிக்கூட மரத்தடியில் மூத்தவளுக்குத் தலை இழுத்துச் சீவிக்கொண்டிருந்தாள். இளையவள் வாத்தியாரின் பிள்ளைகளோடு தண்ணீர் வரிசையில் நின்றாள். பதிகிற நேரத்தில் அவர்களுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், எழுதியவர் அவர்களோடு சேர்த்து எண்ணிவிட்டார். நான் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் அழுது முடித்துப் பத்து நாள் ஆகியிருக்க வேண்டும். நான் கொண்டுபோன பட்டியலைக் கையில் வாங்கி வாசித்துவிட்டுச் சொன்னாள்: "என்ன ஆம்பிளையாக்கினது கிடக்கட்டும். என்ட புள்ளைய மற்றவன்ட கணக்கில வெச்சிரிக்காங்க, முதல்ல அத மாத்து."

பொய் நட்சத்திரங்கள்

ஆய்வுகூடத்தைத் திரும்பத் திறந்தபோதும் மைதானத்தில் கூடாரங்கள் இருந்தன. மேற்பார்வையாளர் என் முப்பது பக்கத்துக்கு எப்போதோ பதில் அனுப்பியிருந்தார். மிச்சம் இருக்கும் இடைவெளி அளவைப் பிழையால் வந்ததில்லை என்று காட்டு என்று கேட்டிருந்தார். அதற்கு ஒரு வழி உண்டு. கணினியில் பொய் நட்சத்திரங்களை உண்டாக்கி, எல்லாவற்றுக்கும் ஒரே கோட்டில் இருக்கிற நிறத்தைக் கொடுத்து, உண்மைப் படத்துக்குள் தூவிவிட வேண்டும். பிறகு எது பொய், எது மெய் என்று தெரியாததுபோல அதே நிரலால் அளக்க வேண்டும். பொய் நட்சத்திரங்களும் இரண்டு கோடாகப் பிரிந்து வந்தால், குற்றம் என்னுடையது. நான் விதைத்ததுபோல ஒரே கோடாக வந்தால், உண்மை நட்சத்திரங்களின் பிளவு அவற்றுக்கே சொந்தமானது.

கூட்டமாகத் தூவினால் நெருக்கம் மாறிவிடும் என்பதால், கொஞ்சம் கொஞ்சமாகத் தூவித் தூவி அளந்தோம். ஏழு கிழமை பிடித்தது. கரண்ட் போகும், வரும், விட்ட இடத்தில் இருந்து நிரல் தொடரும். கடைசியில் வரைந்தபோது பொய் நட்சத்திரங்கள் ஒரே கோடாக, மெல்லிசாக விழுந்தன. பக்கத்தில் உண்மை நட்சத்திரங்கள் இரண்டு கோடாக நின்றன. மேற்பார்வையாளரின் பதில் இந்தத் தரம் ஒரே வரி, இனிச் சண்டை பிடிக்கத் தன்னிடம் ஒன்றுமில்லை, எழுது என்று. ஆனால் அதோடு ஒரு கட்டுரையையும் இணைத்திருந்தார். எங்களுடையதைவிடப் பெரிய தொலைநோக்கியை வைத்து வெளிநாட்டுக் குழு ஒன்று வேறொரு கொத்தில் இதேபோன்ற பிளவைக் கண்டு, எங்களுக்கு முன்னமே எழுதிவிட்டது. முதல் ஆளாக வருவேன் என்ற நினைப்பில் இருந்தவள் நான். தலையில் கை வைத்து இருந்துவிட்டேன். றபீக் தேத்தண்ணியைக் கொண்டுவந்து முன்னால் வைத்துச் சொன்னார்: "அவங்கட வெள்ளிக் கூட்டம் வேற, நம்மட வேற மிஸ். அவங்க கண்டதால நம்மட பொய்யாப் போகாது, உண்மையாத்தான் போகும். குடிச்சிட்டு எழுதுங்க."

எது எந்தத் தலைமுறை

எழுதி முடித்து, வாய்மொழிப் பரீட்சைக்கு மலைநாட்டு வளாகம் ஒன்றுக்குப் போனேன். மூன்று பரீட்சகர்கள். இரண்டு பேர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார்கள். மூன்றாமவர் ஒரு சிங்களப் பேராசிரியை, அதிகம் பேசாதவர். எல்லோரும் முடித்த பிறகு கொத்தின் படத்தை மட்டும் எடுத்து என் முன்னால் வைத்தார். வரைபடத்தைத் தன் பைலுக்குக் கீழே மறைத்துக்கொண்டார். "இதில் இரண்டாம் தலைமுறை நட்சத்திரம் ஒன்றைக் காட்டுங்கள்" என்றார்.

மூன்று வருஷம் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். சில மூலைகள் எனக்கு எங்கள் ஊர் ஒழுங்கைகள் மாதிரி. ஏதாவது ஒன்றில் விரலை வைத்துச் சமாளித்துவிடலாம், பாதிக்குப் பாதி சரியாகவும் இருக்கும். விரல் தாளுக்குக் கிட்டப் போனது. பிறகு கையை எடுத்துவிட்டேன். "காட்ட முடியாது மேடம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். பக்கத்தில் பக்கத்தில், கலந்துதான் நிற்கின்றன. அளந்த இலக்கத்தைத் தந்தால் மட்டும் சொல்வேன்" என்றேன். சரி, தோற்றேன் என்றுதான் நினைத்தேன். அவர் பைலைத் தூக்கி வரைபடத்தை என் பக்கம் தள்ளினார். ஆங்கிலத்தில் அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "விரலை வைத்திருந்தால் நான் உங்களை இன்னும் ஆறு மாதம் படிக்க அனுப்பியிருப்பேன். இனி நீங்கள் வீட்டுக்குப் போகலாம்."

மொத்தத்தில் எங்கள் தொழில் என்னவென்றால், கோடு ஒன்றில்லை இரண்டு என்று கண்டுபிடிக்க ஒரு பின்னேரமும், அதில் எவ்வளவு நம்முடைய பிழை என்று ஒத்துக்கொள்ள ஒரு மழைக்காலமும், மிச்சம் உண்மைதான் என்று மற்றவர்களை ஒத்துக்கொள்ளவைக்க இளமையில் ஒரு நல்ல துண்டும் செலவாகும்.